கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் கொடிகளும் பென்னிகுவிக்கின் வாழ்வும்

தேனி: கேரளத்தின் இடுக்கி மாவட்ட எல்லையை ஒட்டியுள்ள கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆண்டு முழுவதும் அறுவடை தரும் இத்திராட்சை, உண்பதற்கு மட்டுமன்றிப் பழரசம், ஜாம், ஒயின் ஆகியவற்றின் தயாரிப்புக்கும் ஏற்றது. மழை மறைவுப் பகுதியான இப்பள்ளத்தாக்கு பசுமை பெற்றதற்கு முதன்மைக் காரணம் முல்லைப் பெரியாறு அணையே. அதனைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி புணேயில் பிறந்தவர் பென்னிகுவிக். அவருடைய தந்தை ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1849-இல் நிகழ்ந்த சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் உயிரிழந்தனர். பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிறைவதற்கு அப்போது இரண்டு நாள்களே இருந்தன. பின்னர் இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1860-இல் இந்தியா திரும்பினார்.

மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் அவர் காலத்துக்கு முற்பட்டது. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதற்கு முயன்றார். 1808-இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல், இது இயலாத காரியம் எனக் கைவிட்டார். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சமே இத்திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1882-இல் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் வந்தது.

1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு பணி தொடங்கியது. யானைகளும் புலிகளும் உலவிய அடர்காட்டில் மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களைப் பலிகொண்டன. தொடக்கக் கட்டுமானங்களைப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. ஆயினும் பணி நிற்கவில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால், சுமார் 176 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. தேக்கிய நீர், மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட ஒரு மைலுக்கும் அதிகமான நீளமுள்ள சுரங்கம் வழியே கிழக்கே இறங்கி, வைரவனாறு, சுருளியாறு ஆகியவற்றின் ஊடாக வைகையைச் சேர்ந்தது.

1895-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பென்னிகுவிக், 1899 வரை கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர வெள்ளத் தடுப்புக்கும் ஆலோசனை வழங்கினார். 1911-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி கேம்பர்லியில் காலமானார்.

அணை இடுக்கி மாவட்டத்தில் உள்ளது; இயக்குவது தமிழக நீர்வளத் துறை. அணையின் பாதுகாப்பும் நீர்மட்டமும் குறித்து இரு மாநிலங்களுக்கிடையே நீண்ட காலமாக வழக்கு நடந்துவருகிறது. நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கீழ்ப்புறத்தில் வாழும் கேரள மக்களுக்கு அது உயிர் பற்றிய கவலை. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்ட மக்களுக்கோ வாழ்வாதாரம்.

லோயர் கேம்ப்பில் தமிழக அரசு அமைத்த மணிமண்டபம் 2013-இல் திறக்கப்பட்டது. பென்னிகுவிக்கின் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருவதால், ஆண்டுதோறும் அன்று கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அங்கு பொங்கலிட்டு அவரை வணங்குகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய குடும்பங்களும், வீட்டில் அவர் படத்தை மாட்டி வைத்திருப்போரும் இப்பகுதியில் உண்டு.