திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களும் உடையின் கௌரவமும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் வீட்டு மூதாட்டிகள் நாவில் வழங்கும் மொழி. உடையின் விலை பெரிதன்று. உடுப்பவன் தன்னை எவ்வாறு மதிக்கின்றான் என்பதே பெரிது என்பது அதன் கருத்து. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையாலேயே காட்டிச் சென்றவர், நாகஸ்வரச் சக்கரவர்த்தி என்று உலகம் புகழும் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள். இசை வேளாளராகிய நம் இல்லங்களில் அவருடைய வாசிப்பைப் போற்றாதார் இலர். அவர் உடுத்த உடையைப் பற்றியும் பேசுவதுண்டு. ஆயினும் அதனைப் பெரும்பாலும் ஒரு வேடிக்கையாகவே பேசி விடுகின்றோம். அது வேடிக்கையன்று, நம் குலத்தார் அனைவருக்குமாக அவர் நடத்திய வழக்கு என்பதை எடுத்துக்காட்டவே இதனை எழுதலானோம்.

பிள்ளையவர்கள் 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ஆம் தேதி, பழைய தஞ்சை ஜில்லாவில், கும்பகோணத்திற்கும் மாயவரத்திற்கும் இடையே உள்ள திருவாவடுதுறையில் பிறந்தார். தந்தையார் குப்புசாமிப் பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். ஆதீன நாகஸ்வர வித்துவானாக விளங்கிய திருமருகல் நடேச பிள்ளையவர்களே அவரை வளர்த்து ஆளாக்கினார். முதலில் வாய்ப்பாட்டுப் பயின்று, பின்னர் அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையவர்களிடம் நாகஸ்வரம் கற்றார். குரலிற் பழகிய இராகமே பிற்காலத்தில் குழலில் வெள்ளமாய்ப் பெருகிற்று.

அக்காலத்தில் நாகஸ்வரக்காரர் நிலை எவ்வாறு இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். நாகஸ்வரம் இன்றித் திருவிழா இல்லை, திருமணம் இல்லை. மங்கல வாத்தியம் என்று அதற்குப் பெயர். ஆனால் அம்மங்கலத்தை அளிப்பவனுக்கோ இருக்கை இல்லை. சுவாமி புறப்பாட்டிலும் மாப்பிள்ளை ஊர்வலத்திலும் நின்றும் நடந்தும் வாசித்தல் வேண்டும். மிராசுதாரர், ஜமீன்தார் முதலியோர் முன்னிலையில் மார்பை மறைத்தல் மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டமையால், உத்தரீயத்தை அரையிற் சுற்றிக்கொண்டே நிற்றல் வழக்கமாயிற்று. வாய்ப்பாட்டுக்காரரும் வீணைக்காரரும் சபையில் மேடைமேல் அமர்ந்திருக்க, நாகஸ்வரக்காரருக்கு வாசற்புறமே இடமாயிருந்தது. காவிரிக் கழனிகளில் விளைந்த நெல்லால் வளர்ந்த செல்வம் சங்கீதத்தை ஆதரித்தது மெய். ஆனால் அதே செல்வம், வாசிப்பவன் தோளிலிருந்து துண்டையும் இறக்கிற்று.

இவ்வழக்கத்தைப் பிள்ளையவர்கள் ஏற்கவில்லை. குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டு ஜிப்பாவும் ஷெர்வானியும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன் ஒளிர, அரசர் கொலுவிற்குச் செல்வாரைப் போலச் சபைக்குச் சென்றார். மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வற்புறுத்திப் பெற்றார். இவற்றைக் கண்டு முகஞ்சுளித்தோர் பலர். ஆயினும், அவர் வாசிப்பைக் கேட்க விரும்பியோர் அவருடைய உடையையும் இருக்கையையும் ஒப்புக்கொள்ளவே வேண்டியதாயிற்று. அவருக்குக் கிடைத்த மரியாதை மெல்ல மெல்ல மற்றை வித்துவான்களுக்கும் உரியதாயிற்று.

அவர் தம்மை மட்டும் அலங்கரித்துக்கொண்டவர் அல்லர். தம் வாத்தியத்தையும் புதுக்கினார். அதற்கு முன் வழங்கிய திமிரி நாகஸ்வரம் குட்டையானது, நாலரை, ஐந்து கட்டை என உரத்த சுருதியுடையது, வீதிக்கு ஏற்றது. திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் அரங்கநாதன் ஆசாரி என்னும் கைவல்லார், ஆச்சா மரத்தில் நீண்ட பாரி நாகஸ்வரத்தைச் செம்மையாகக் கடைந்து கொடுத்தார். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிக்கும் அக்குழல் சபையில் அமர்ந்து கேட்பதற்கு இனியது. சுருதிக்கு ஒத்து ஊதுவதை விடுத்துத் தம்புரா வைத்துக்கொள்ளவும் அவர் துணிந்தார். வீதியிலிருந்து மேடைக்கு ஏறியவர் தனியே ஏறவில்லை; குழலையும் உடன் ஏற்றினார். அந்த நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தமை நமக்கெல்லாம் பெருமை.

உடையைத் துறந்த பெரியோரும் இந்நாட்டில் உளரே, அவரன்றோ போற்றத்தக்கவர் எனச் சிலர் வினவலாம். மகாத்மா காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரையில் சட்டையைத் துறந்து அரையாடை புனைந்தார், உலகம் வணங்கிற்று. ஆனால் அது அவர் தாமே தேர்ந்தது. பிறர் கட்டளையால் மார்பைத் திறத்தல் வேறு; தன் விருப்பத்தால் துறத்தல் வேறு. திருவிதாங்கூரில் நாடார் குலத்துப் பெண்மக்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு துன்புற்று, 1859-ஆம் ஆண்டில் அரசாணையால் அதனைப் பெற்றனர். அவர்கள் வேண்டியதும் துணியை மட்டுமன்று. நாமும் மக்களே என்னும் மதிப்பை. பிள்ளையவர்களின் ஷெர்வானியையும் அவ்வாறே நோக்குதல் தகும்.

எனினும் ஒன்றை மறத்தல் கூடாது. வெறுஞ்சட்டை ஒருவனை மேடைக்கு ஏற்றாது. தோடி என்றாலே இராஜரத்தினம் பிள்ளை என்னும்படி, அந்த ஓர் இராகத்தை மணிக்கணக்காக விரித்த பயிற்சியே அவருடைய அஞ்சாமைக்கு வேர். அவ்வேர் இருந்தமையால் உடை பூவாயிற்று. 1940-ஆம் ஆண்டில் காளமேகம் என்னும் படத்தில் நடித்தார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் தேதி, தில்லியில் ஜவாஹர்லால் நேரு அவர்களிடம் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் செங்கோல் அளிக்கப்பட்டபோது, பிள்ளையவர்களின் நாகஸ்வரமே அங்கு முழங்கிற்று. 1955-ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதமி விருதும் பெற்றார்.

புகழ்வதோடு நின்றுவிடின் அது நேர்மையாகாது. ஈட்டிய பெரும்பொருளை அவர் பேணவில்லை. கைக்கு வந்தது கையோடு சென்றது. 1956-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி, 58-ஆம் வயதில், சென்னையில் மறைந்தார். அவர் மிடுக்கைப் பின்பற்றுவோர் அவர் செலவையும் பின்பற்ற வேண்டுவதில்லை. கௌரவம் வேறு, ஆடம்பரம் வேறு. வெளுத்து மடித்த வேட்டியும் பொத்தான் குறையாத சட்டையும் எவர்க்கும் எட்டக்கூடியவை. கடன் வாங்கி உடுத்த பட்டு உடுத்தவனையே உறுத்தும்.

இன்று நம் வித்துவான்கள் மேலாடையோடு அமர்ந்து வாசிப்பதைக் காண்போர், இஃது என்றும் இருந்த வழக்கம் என்றே எண்ணுவர். ஆயினும், வாசிப்பவர்களுக்கு அமரப் பாயும் பருக நீரும் கேளாமலே கிடைக்கும் திருமணப் பந்தல்கள் எத்தனை என்று அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம். ஆகவே பெற்றோர்களுக்கு நாம் வேண்டிக்கொள்வது இது: குழந்தைகளைத் தூய உடையோடு வெளியே அனுப்புங்கள், தலை நிமிர்ந்து நிற்கப் பழக்குங்கள், அதற்கு முன் விடியற்காலைச் சாதகத்தில் ஒரு நாழிகையும் குறையாமல் அமர்த்துங்கள். கையில் வித்தையும் தோளில் துண்டும் சேர்ந்து நிற்பவனை, அத்துண்டை இறக்கு என்று சொல்ல எவர்க்கும் நா எழாது.