நூறாண்டு கண்ட ‘ரப்பர்’ ரிட்லி

சிங்கப்பூர் சென்று வந்தவர்களுக்கு டோபி காட் தெரிந்த இடம்தான். இன்று அங்கே மூன்று எம்.ஆர்.டி. ரயில் பாதைகள் வந்து கூடுகின்றன. ஒரு காலத்தில் அங்கே ஓர் ஓடை ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி வெளுத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப் போட்டார்கள். வீடு வீடாக நடந்து துணி எடுத்து, வெளுத்து, மறுபடியும் நடந்து போய்க் கொடுத்து வந்தார்கள். அவர்கள் தொழிலே ஊருக்குப் பேராக நின்றுவிட்டது.

அந்த டோபி காட்டிலிருந்து ஆர்ச்சர்ட் ரோடு வழியாக மேற்கே நடந்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பூமலைக்குப் போய்ச் சேரலாம். தாவரப் பூங்காவை அங்குள்ள தமிழர்கள் பூமலை என்றுதான் சொல்வார்கள். அந்தப் பூமலையை ஆண்ட ஒரு நடைக்காரரின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டிய வரலாறு இது. ஏனென்றால் நம் பாட்டன் பாட்டிகளின் பிழைப்பே அவர் பரப்பிய மரத்தில்தான் இருந்தது.

அவர் பெயர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. 1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கல்வி பயின்று, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் தாவரப் பிரிவில் வேலை பார்த்தார். 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூமலைக்குத் தலைவராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 32.

பூமலை மட்டும் அவர் பொறுப்பு அல்ல. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களின் காடுகளையும் அவர் கவனிக்க வேண்டியிருந்தது. காரும் பஸ்ஸும் இல்லாத காலம். படகு போகும் வரை படகு. அதற்கு அப்பால் கால்தான். காட்டில் செடி தேடுகிறவன் வண்டியில் ஏறி ஓடினால் ஒன்றும் கண்ணில் படாது. அட்டையும் கொசுவும் பாராமல் மலை ஏறி, சேற்றில் இறங்கி, ஆயிரக் கணக்கான செடி கொடிகளைச் சேகரித்தார். பஹாங் காடுகளுக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்கும் போய் வந்தார்.

பூமலையில் அப்போது சில ரப்பர் மரங்கள் நின்றன. பிரேசில் விதையில் முளைத்த 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தன. பிரேசில் காட்டில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டுப் போகும். ரிட்லி பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் சீவித் திறந்து பார்த்தார். மரமும் பிழைத்தது, பாலும் கூடியது. மீன் முள் வடிவ வெட்டு இப்படித்தான் பிறந்தது. உளி பிடித்து மரம் வெட்டிய நம்மவர் கை எல்லாம் அந்தப் பாடத்தைப் படித்த கைதான்.

ஆனால் தோட்ட முதலாளிகள் கேட்கவில்லை. காப்பி நன்றாக விலை போகையில் இந்தப் புது மரம் எதற்கு என்றார்கள். ரிட்லி சட்டைப் பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு, கண்ட முதலாளிகளுக்கெல்லாம் கொடுத்துத் திரிந்தாராம். பைத்தியக்கார ரிட்லி என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். அவர் விடவில்லை. 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் அந்த விதையை நம்பித் தோட்டம் போட்டார். பிறகு காப்பி விலை விழுந்தது. மோட்டார் காருக்கு டயர் தேவைப்பட்டது. சிரித்தவர்களும் விதை கேட்டு வந்தார்கள்.

பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகும் அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை. மலாயாவின் தாவரங்களைப் பற்றி ஐந்து பெரிய தொகுதிகளை 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். விதைகள் எப்படி உலகெங்கும் பரவுகின்றன என்பதை விளக்கும் பெரிய நூலை 1930-இல், 74 வயதில் வெளியிட்டார். 83 வயதில் திருமணம் செய்துகொண்டார்! 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், நூறு வயதைத் தாண்டிக் காலமானார்.

நடந்ததால்தான் நூறு வயது வாழ்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயுளுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் நடை உடம்புக்கு நல்லது என்பதை ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 1953-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கட் கிழித்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே ரோடு. கால் செய்த வேலைதான் வேறு.

நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால் இனிப்பு நீர் கட்டுப்படுகிறது. ரத்த அழுத்தம் தணிகிறது. எலும்பு வலுப்படுகிறது. மனசுக்கும் இது மருந்து. கவலை குறைகிறது, ராத்திரி தூக்கம் நன்றாக வருகிறது. வாரத்தில் 150 நிமிடமாவது பெரியவர்கள் வேகமாக நடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி, ஐந்து நாள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கோ தினமும் ஒரு மணி நேரம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும்.

நாள் பூரா நிரையில் நடக்கிறோமே, இன்னும் என்ன நடை என்று தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர்கள் கேட்கலாம். நியாயந்தான். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் மரமாக நின்று வெட்டி, திரும்பவும் அதே நிரையில் மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி சுமந்து வருகிறவருக்கு வேண்டியது ஓய்வு. ரிட்லியின் நடைக்குப் பதக்கம் கிடைத்தது. அவர் பரப்பிய மரத்தை வாழ வைத்த நம்மவர் நடையை யாரும் கணக்கில் எழுதவில்லை. அதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் போன குடும்பங்களைப் பாருங்கள். தாத்தா காலையில் நடந்த நடையில் பத்தில் ஒரு பங்குகூடப் பேரன் நடப்பதில்லை. கடைக்கு மோட்டார் சைக்கிள், பள்ளிக்கு வேன், வீட்டில் டி.வி.யும் கைப்பேசியும். சாப்பாடு மட்டும் தாத்தா சாப்பிட்ட அளவு! இனிப்பு நீர் வந்து காலில் புண்ணான பிறகு நடக்க நினைத்தால் நடக்க முடியுமா?

ஆகவே பெற்றோர்களே, சாயந்திரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள். அம்மாமாரை அடுப்படியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களுக்கும் அந்தக் காற்று வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். நல்ல சப்பாத்து போடுங்கள். நெஞ்சு வலி உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! சிங்கப்பூர் போகும் வாய்ப்புக் கிடைத்தால் டோபி காட்டில் இறங்கி, பூமலை வரை நடந்து போய்ப் பாருங்கள். துணி மூட்டை சுமந்தவரையும், விதை சுமந்தவரையும், பால் வாளி சுமந்தவரையும் நினைத்துக்கொண்டு நடங்கள். அவர்கள் பிழைப்புக்காக நடந்தார்கள். நீங்கள் நலமாக வாழ்வதற்காக நடங்கள்!