நாவலரும் விவிலிய நூலும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதியிற் பொங்கலிடுவோரும், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவோரும் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒருங்கே உளர். கொள்வனை கொடுப்பனைகளால் இரு சாராரும் பிணிப்புண்டவரே. ஆயினும் மணம் பேசுமிடத்துச் சமயப் பேச்சு எழுந்துவிடின், தாம்பூலத் தட்டு அப்படியே இருக்க, வழக்கு முற்றிவிடுகின்றது. கடவுள் உளரோ, உளரேல் மனிதராய்ப் பிறப்பரோ, இறந்தாரை எழுப்பினாரென்னுங் கதை மெய்யோ என்னும் வினாக்களுக்கு அங்கே விடை கூறுவோர் பெரும்பாலும் எதிர்த்தரப்பார் நூலைக் கண்ணாலுங் காணாதவர். அவ்வாறன்றி, எதிரியின் நூலை எழுத்தெழுத்தாய்க் கற்று, அதனைத் தமிழாக்குவதற்கும் துணைநின்று, பின்னரே வாதஞ் செய்யப் புகுந்தார் ஒருவரது சரித்திரத்தை இத்திங்கள் எழுதப் புகுகின்றோம். அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்கும் புதல்வராய்த் தோன்றினார். இளமையிலே தந்தையை இழந்தார். சேனாதிராய முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழிலக்கண இலக்கியங் கற்றார். ஆங்கிலங் கற்றது வெஸ்லியன் சங்கத்தார் யாழ்ப்பாணத்தில் நடாத்திய பாடசாலையில். அதன் தலைவர் பார்சிவல் பாதிரியார். மாணாக்கரின் ஆற்றலை உணர்ந்த அவர், அப்பாடசாலையிலேயே நாவலரை ஆசிரியராக அமர்த்தியதோடு, தமக்குத் தமிழ் கற்பிக்கும் பண்டிதராகவுங் கொண்டார்.

அக்காலத்து விவிலிய மொழிபெயர்ப்புக்களின் தமிழ் நடையிற் பலர்க்கு மனநிறைவு இல்லை. ஆதலின் பார்சிவல் புதியதொரு மொழிபெயர்ப்புச் செய்ய முற்பட்டார். அவர்க்கு நாவலர் உறுதுணையாயினார். அது 1850இற் சென்னையில் அச்சேறிற்று. சைவ ஆசாரம் சிறிதும் வழுவாத இளைஞர் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஆதியாகமம் முதலாக உள்ள ஆகமங்களையும் சுவிசேஷங்களையும் தமிழ்ச் சொல்லோடு நிறுத்துப் பார்த்த அருமையை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நூலை அதன் மொழிபெயர்ப்பாளனைப் போல அறிபவர் வேறிலர். படிப்பவன் அரிய இடத்தைத் தாண்டிப் போகலாம். மொழிபெயர்ப்பவனுக்கு அவ்வழி இல்லை.

அப்பணியின் இடையிலேயே அவர் உள்ளத்தில் வேறொரு கருத்து வேரூன்றியது. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே முதற் பிரசங்கஞ் செய்தார். பின்னர் வெள்ளிதோறும் பிரசங்கம் நடைபெற்றது. பாதிரிமார் ஞாயிறுதோறுஞ் செய்வதைக் கண்டே இம்முறையைக் கைக்கொண்டாரென்பது வெளிப்படை; அதனைக் குறையென்று யாம் கொள்ளேம். 1848இற் பார்சிவலிடத்து ஊழியத்தை விட்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகம் வந்தபொழுது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவரது சொல்வன்மையை வியந்து நாவலர் என்னும் பட்டமளித்தனர். மணஞ்செய்து கொள்ளாது வாழ்நாள் முழுதும் கல்விக்கும் சமயத்துக்குமே செலவிட்டார்.

இனி, அவர் வாதத்தின் திறத்தைச் சிறிது விரித்துரைப்போம். பாதிரிமார் துண்டுப் பிரசுரங்களிலே திருநீறு சாம்பலென்றும், அபிடேகமும் தீபமும் பயனில் செயல்களென்றும், புராணத்து அற்புதங்கள் கட்டுக்கதைகளென்றும் இகழ்ந்து வந்தனர். இதற்கு மறுமொழியாக 1854இல் வெளிவந்ததே சைவ தூஷண பரிகாரம். அந்நூலின் உத்தி மிக நுட்பமானது. கிறித்து மதம் முழுதும் பொய்யென்று வாளா கூறாது, நீவிர் இகழும் இவையெல்லாம் நும் வேதத்திலேயே உள்ளனவே என்று அவர் விவிலியத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். மோசே கட்டளைப்படி ஆசரிப்புக் கூடாரத்திலே அணையா விளக்கு உண்டு, தூபம் உண்டு, படைக்கப்படும் அப்பம் உண்டு, குருமார்க்குத் தனியுடையும் நீராட்டும் உண்டு. எண்ணாகமத்திலே, சிவந்த கிடாரியைச் சுட்ட சாம்பலை நீரிற் கலந்து தெளித்துத் தீட்டுக் கழிக்கும் விதியும் உண்டு. சாம்பலால் தூய்மை எய்துதல் யூதர்க்கு அமையுமாயின் சைவர்க்கு மட்டும் அமையாமை எங்ஙனம்? வினா கூரியது. அந்நூலாசிரியரின் விவிலியப் பயிற்சியைக் கண்டு பாதிரிமாரே வியந்தனர்.

அற்புதங்களிலும் இந்நெறியே செல்லும். ஏசுநாதர் கடல்மேல் நடந்தார், நான்கு நாட் சென்ற பிணமாகிய இலாசருவை எழுப்பினார் என்பர் ஒரு சாரார். திருநாவுக்கரசர் கல்லிலே மிதந்தார், திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் எலும்பைப் பூம்பாவையாக்கினார் என்பர் மற்றொரு சாரார். இயற்கைக்கு மாறென்னும் காரணத்தால் ஒன்றைத் தள்ளின் மற்றொன்றும் தள்ளுண்ணும். சான்றோர் கூற்றென்னும் காரணத்தால் ஒன்றைக் கொள்ளின் மற்றொன்றுங் கொள்ளுதற்குரியது. நம்மூரிலே, இரவு தங்க இடங்கேட்டு வந்த காளி மந்திரவாதியை அழித்துச் செல்லியம்மனை விடுவித்தாளென்றும், செல்லியம்மன் மலைக்குச் சென்றாளென்றும், திங்களும் வெள்ளியும் நடை திறப்பது அது முதலென்றுஞ் சொல்லுகின்றோம். ஏலாக்குறிச்சியிலே, வீரமாமுனிவர் காலத்தில் அரியலூர் மழவராயர் நோய் நீங்கிக் கோயிலுக்கு நிலமளித்தாரென்று சொல்லுகின்றனர். ஒன்றைக் கேட்டுக் கைகூப்புபவர் மற்றொன்றைக் கேட்டு நகைப்பாராயின், அந்நகைப்புக்குக் காரணங் காட்டக் கடமைப்பட்டவராவர்.

இவ்வுத்திக்கு ஓர் எல்லையும் உண்டென்பதை மறைத்தல் நேர்மையன்று. இருவரும் சமம் என்று காட்டுதல் இகழ்வாரை வாயடக்கும். எவர் கூற்று மெய்யென்று நிலைநாட்டாது. இரண்டுமே பொய்யென்று சொல்லும் மூன்றாமவர் வரின் யாது செய்வது? ஐரோப்பாவில் அத்தகையோர் முன்னரே வந்துவிட்டனர். 1748இலே ஸ்காத்லாந்து தேசத்து டேவிட் ஹியூம் அற்புதங்களுக்குச் சான்று போதாதென்று எழுதினார். 1835இலே ஜெர்மானியராகிய ஸ்திராஸ், ஏசுநாதர் சரித்திரத்தில் அற்புதப் பகுதிகளைப் புராண வகையினவென்று ஆராய்ந்து பெருங் கலக்கம் விளைத்தார். தமிழ்நாட்டிலும், நாவலர் வாழ்வின் இறுதியிலே, 1878இற் சென்னை இலௌகிக சங்கம் தோன்றி, கடவுள் உண்டென்பதையே மறுத்தது. பின் தத்துவவிவேசினி என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் நடாத்திற்று. நாவலர்க்கும் பாதிரிமார்க்கும் இடையே கடவுள் உண்டா என்பது வழக்காகவே இல்லை. உளர் என்பதில் இருவரும் ஒருமைப்பட்டவர். கடவுளது இலக்கணம் யாது என்பதே அவர்தம் வழக்கு.

அவ்விலக்கணத்துள் மிகக் கடினமானது ஏசுநாதரின் தெய்வத்தன்மை. சைவசித்தாந்தத்தின்படி சிவபெருமான் கருவிற் பிறத்தல் இல்லை. அவர் கொள்ளுந் திருவுருவங்கள் வினையால் வந்தன அல்ல, அருளால் வந்தன. பசித்தும் அழுதும் இறந்தும் போனவரை முழுமுதற் கடவுளென்றல் எங்ஙனம் என்பது சைவர் வினா. கிறித்தவரும் விடையின்றி இருந்தாரல்லர். பிட்டுக்கு மண் சுமந்து பாண்டியன் பிரம்படி பட்டவர் யாரென்று வினவலாம். திருவிளையாடலென்றால், எம்மவர் பிறப்பும் வினையாலன்றிக் கன்னியிடத்துப் பிதாவின் திருவுளத்தால் நிகழ்ந்ததே என்று சொல்லலாம். மண் சுமந்தவர் இறந்திலரே என்று சைவர் மீண்டுஞ் சொல்வர். இறந்தவர் மூன்றாம் நாள் எழுந்தாரே என்று அவரும் மீண்டுஞ் சொல்வர். இவ்வையம் கிறித்தவருக்குள்ளேயே பழையது. ஆரியுஸ் என்பார் மைந்தர் பிதாவுக்கு ஒப்பாகாரென்று போதிக்க, 325ஆம் ஆண்டு நீசேயாவிற் கூடிய ஆயர் பேரவை இருவரும் ஒரே தத்துவத்தினர் என முடிவு செய்தது. முன்னூறு ஆண்டு அவர்களே ஆராய்ந்த பொருளைத் திருமணப் பந்தலில் அரை நாழிகையில் முடிக்க நினைப்பவரை என்னென்பது!

நாவலர் பிறரை மட்டும் கண்டித்தாரல்லர் என்பதையும் குறித்தல் வேண்டும். ஆகமவிதி பிறழ்ந்த கோயிற் பூசைகளையும், தீக்கை பெறாது பூசை செய்வாரையும், சந்நிதியில் உயிர்ப்பலியிடுவதையும் அவர் கடுமையாகச் சாடினார். தம் ஊராகிய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் விட்டாரல்லர். அவ்வண்மை சாதியாசாரத்தில் மட்டும் சென்றிலது. பழைய சாதிக் கட்டுப்பாடுகளை அவர் நூல்கள் காத்தே நின்றன. பாதிரிமார் பள்ளிகள் தாழ்த்தப்பட்டோர்க்குக் கதவு திறந்தமை அவர் மறுமொழி கூறாது விட்ட வாதமென்றே யாம் கருதுகின்றோம். ஒரு சாதிச் சங்கத்தின் பத்திரிகையில் இதனை எழுதுதல் சிலர்க்குக் கசக்கும். எழுதாது விடின் சரித்திரம் குறைபடும்.

பெரியபுராண வசனமும், திருக்குறள் பரிமேலழகருரைப் பதிப்பும், பாலபாடங்களும் அவர் கைப்பட வெளிவந்தன. 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தார்க்கு உணவளித்தார். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் அடைந்தார். வாதத்திற்கு வித்திட்ட பார்சிவலும், தினவர்த்தமானிப் பத்திரிகையையும் தமிழ்ப் பழமொழித் திரட்டையும் தமிழர்க்கு அளித்து, 1882இல் ஏற்காட்டிலே காலமானார்.

நாவலர் மறைந்த அவ்வாண்டிலேயே இலங்கைச் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் செல்லுதற்கு அவர் துணைநின்றார். அந்த இராமநாதன் பின்னாளில், 1898இல் மத்தேயு சுவிசேஷத்துக்கும் 1902இல் யோவான் சுவிசேஷத்துக்கும் ஆங்கிலத்தில் உரையெழுதி, ஏசுநாதரைப் பெருஞானியாகக் கண்டு, அவர் உபதேசங்களைச் சைவ ஞானநெறி கொண்டு விளக்கினார்.