நாட்டை நம்பிய துறவி

நம் ஆலயத்தின் பொன்விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், நாம் இன்று அனுபவிக்கும் உரிமைகளுக்காக உழைத்த ஒரு குருவை நினைவுகூர்வது நமது கடமை. அவரே சேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசா அடிகளார்.

அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மங்களூரில், 1897 ஆம் ஆண்டு, கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து குருவானார். சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராக விளங்கினார். பல சமயத்து மாணவர் ஒரே வகுப்பில் அமர்ந்து பயின்ற கல்லூரி அது. 1946 இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அச்சபையின் முன் நின்ற கேள்வி எளியதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் மாகாணக் கிறிஸ்தவர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தனித்தொகுதி முறையில் தாங்களே தேர்ந்தனர். 1947 இல் நாடு பிளவுண்டு இரத்தம் சிந்திய பின், தனித்தொகுதி முறை கைவிடப்பட்டது. சமயச் சிறுபான்மையினருக்கென ஒதுக்கிய இடங்களாவது நீடிக்க வேண்டுமா? அவற்றையும் இழந்தால் நம் குரல் எடுபடாமல் போகுமோ என்ற அச்சம் இயல்பே. ஆயினும், 1949 மே திங்களில் அவ்விட ஒதுக்கீட்டை விட்டுவிடும் தீர்மானத்தை அடிகளார் ஆதரித்தார். பெரும்பான்மை மக்களின் நல்லெண்ணத்தை நம்பினார்.

அதற்காக அவர் தம் விசுவாசத்தையோ பண்பாட்டையோ விட்டுக்கொடுக்கவில்லை. சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். இந்துக்களே பெரும்பான்மையாயிருந்த அச்சபையும் பெருந்தன்மை காட்டியது. அரசியலமைப்பின் 25 ஆம் பிரிவு சமய உரிமையையும், 29 ஆம் பிரிவு மொழியையும் பண்பாட்டையும் பேணும் உரிமையையும், 30 ஆம் பிரிவு சிறுபான்மையினர் கல்விக்கூடம் நடத்தும் உரிமையையும் வழங்கின. ஒருவர் நம்பினார்; மற்றவர் மதித்தனர். ஒற்றுமை வளர்ந்தது இவ்வாறே. எல்லாரும் ஒரே அச்சில் வார்க்கப்பட வேண்டிய தேவை எழவில்லை.

பின்னர் அடிகளார் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக்குழுவில் இடம்பெற்றார். 1951 இல் இந்திய சமூக நிறுவனத்தைத் தொடங்கினார். 1977 இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்புமிக்க பங்கு மக்களே! நம் மணியோசை தெருவெங்கும் கேட்கிறது. அயலார் அதைப் பொறுப்பது மட்டுமல்ல, மதிக்கவும் செய்கின்றனர். அவர்தம் விழாக்களையும் வழிபாட்டையும் நாமும் அவ்வாறே மதிக்கிறோமா? நம் வேற்றுமையைக் காக்கும் உரிமை நமக்கு உண்டு. அயலாரின் வேற்றுமையைக் காப்பது நம் கடன். இக்கடனைத் தீர்ப்பதே அடிகளாருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றி.