வெள்ளைச் சேலை உடுத்திய கொடுமுடிக் குயில்

ஓடும் ரயிலில் ஒரு சிறுமி பாடுகிறாள். காசு விழுகிறது. அந்தக் காசில்தான் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

அந்தச் சிறுமி யார் தெரியுமா? பிற்காலத்தில் தமிழகத்தையே தம் குரலால் கட்டிப் போட்ட கே.பி.சுந்தராம்பாள்தான்!

நம் கோபிசெட்டிபாளையம் இருக்கும் அதே ஈரோடு மாவட்டத்தில், காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. அங்கே 1908-ம் ஆண்டு அவர் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். வீட்டில் வறுமை. ஆனால் தொண்டையில் மட்டும் வறுமை இல்லை. வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சிறு வயதிலேயே மேடை ஏறினார்.

கிட்டப்பாவுடன் திருமணம்

அந்நாளில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா என்றால் நாடக உலகமே திரும்பிப் பார்க்கும். 1926-ல் கொழும்பு நகரில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் எதிர்ப்பாட்டு! சபை கிறுகிறுத்தது. 1927-ல் இருவரும் மணந்து கொண்டனர். கிராமபோன் இசைத்தட்டுகள் அவர்கள் குரலை வீடு வீடாகக் கொண்டு சென்றன.

இன்பம் நீடிக்கவில்லை. பிணக்கு வந்தது, பிரிவும் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை. சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று வெள்ளைச் சேலை உடுத்தியவர், கடைசி வரை அதை மாற்றவில்லை. இனி எந்த ஆணுடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

லட்ச ரூபாய்

பட முதலாளிகள் தேடி வந்தார்கள். பெருந்தொகை கேட்டால் போய்விடுவார்கள் என்று எண்ணி, லட்ச ரூபாய் கேட்டாராம். அவர்களோ சம்மதித்து விட்டார்கள்! 1935-ல் 'நந்தனார்' வெளிவந்தது. அதில் அவருக்கு ஆண் வேடம்.

பிறகு 1953-ல் 'ஔவையார்'. 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். ஒருவர் கிழவி, மற்றவர் துறவி. எந்த வேடத்துக்கும் ஜோடி தேவையில்லை. உறுதி குலையவில்லை; புகழும் குறையவில்லை. சட்ட மேலவையிலும் இடம் பெற்றார். 1970-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கடல் கடந்த சோகம்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைப் பாட்டாக்கினார்கள். அதற்குப் 'புளூஸ்' என்று பெயர். அந்தப் பாட்டின் ராணி எனப் புகழப்பட்டவர் பெஸ்ஸி ஸ்மித். அவரும் சிறு வயதில் தெருவில் பாடிக் காசு சேர்த்தவர்தான். அவர் குரலும் இசைத்தட்டில் ஏறித்தான் ஊர் ஊராகப் பரவியது. 1937-ல் மோட்டார் விபத்தில் மாண்டார்.

இருவரும் சந்தித்ததில்லை. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ராகமும் வேறு, தாளமும் வேறு. ஆனால் வயிற்றுப் பசிக்குப் பாடத் தொடங்கி, மனப் புண்ணுக்கு மருந்தாகப் பாடியவர்கள் இருவரும்.

1980-ல் சுந்தராம்பாள் மறைந்தார். குரல் மறையவில்லை. பாட்டி கிராமபோனில் கேட்ட அந்தக் குரலைப் பேரன் இன்று கைப்பேசியில் கேட்கிறான். இருவர் கண்ணும் கலங்குகிறது.

துயரம் எல்லார் வீட்டுக்கும் வரும். அதைப் பாட்டாக்கிப் பிறருக்கு ஆறுதல் தருகிறவர் சிலரே. கொடுமுடி தந்த அம்மையார் அந்தச் சிலரில் ஒருவர்.