தீப்பொறிக்கு நேரம் குறித்தவர்!

ராபர்ட் பாஷ் வாழ்க்கை வரலாறு

மோட்டார் ஓடுவதற்கு என்ன வேண்டும்? பெட்ரோல் வேண்டும். காற்று வேண்டும். இரண்டையும் கொளுத்த ஒரு தீப்பொறி வேண்டும்.

பொறி இருந்தால் மட்டும் போதாது. அது சரியான நேரத்தில் பாய வேண்டும். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் தப்பினாலும் மோட்டாரின் பலம் குறைந்து போகும்.

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டைமிங் முந்தி விட்டால், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். டைமிங் பிந்தி விட்டால், வண்டி சூடேறும். மேட்டில் ஏற முடியாமல் திணறும்.

அந்த வண்டி, 1950-களின் நடுவில் இருந்து சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தயாரானது. அதைப் பழுது பார்த்த ராயபுரம் மெக்கானிக்குகள் முதலில் கழற்றிப் பார்த்தது பிளக்கையும் பாயிண்டையும்தான்.

எந்த வேகத்திலும் தவறாமல் பொறி தரும் கருவியை உலகம் முழுவதும் பரப்பியவர், ராபர்ட் பாஷ் என்ற ஜெர்மானியர்.

12 குழந்தைகளில் ஒருவர்

ஜெர்மனியில் ஊல்ம் நகருக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்று ஒரு கிராமம். அங்கே 1861-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி ராபர்ட் பாஷ் பிறந்தார். வீட்டில் 12 குழந்தைகள். ராபர்ட் 11-வது குழந்தை.

தகப்பனார் நிலம் வைத்துப் பயிர் செய்தார். வண்டிக்காரர்கள் தங்கிச் செல்லும் விடுதி ஒன்றும் நடத்தினார். ரெயில் பாதை வந்தது. வண்டிகள் குறைந்தன. குடும்பம் ஊல்ம் நகருக்குக் குடியேறியது.

ராபர்ட்டுக்குப் பள்ளிப் படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. நுட்பமான கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு அக்கறையாகச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இந்தக் குறை அவர் மனதில் நெடுநாள் இருந்தது. பிற்காலத்தில் தமது தொழிற்சாலையில் வேலை பழகும் பையன்களுக்கென்று தனிப் பட்டறையே வைத்தார்.

1884-ம் ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மின்சார விளக்கைத் தந்த எடிசனின் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு இங்கிலாந்தில் சீமென்ஸ் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தார். அனுபவத்தோடு தாய்நாடு திரும்பினார்.

இரண்டு பேருடன் ஒரு பட்டறை

1886-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி ஸ்டட்கார்ட் நகரில் ஒரு சிறு பட்டறை திறந்தார். அவருக்கு உதவியாக இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மெக்கானிக். மற்றவர் எடுபிடி வேலை செய்யும் பையன்.

டெலிபோன் மாட்டுவது, மின்சார மணி பொருத்துவது என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். வேலை நடக்கும் இடங்களுக்குச் சைக்கிளில் போய், சரியாக நடக்கிறதா என்று பார்த்து வருவார். அரைகுறையாகச் செய்த வேலையைக் கண்டால் அவருக்குக் கோபம் வந்து விடும்.

1887-ம் ஆண்டு ஒருவர் வந்து, தமது எந்திரத்துக்கு மேக்னட்டோ ஒன்று செய்து தரும்படி கேட்டார். மேக்னட்டோ என்பது காந்தத்தின் உதவியால் மின்சாரம் உண்டாக்கிப் பொறி தரும் கருவி. அதற்கு பாட்டரி வேண்டாம். எந்திரம் சுற்றச் சுற்ற அதுவே மின்சாரம் தரும்.

அது பாஷ் கண்டுபிடித்தது அல்ல. டாய்ட்ஸ் என்ற கம்பெனி முன்பே செய்து வந்தது. பாஷ் அதைப் பார்த்தார், திருத்தி அமைத்தார், உறுதியாகச் செய்து கொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

கார்களின் கஷ்டம்

அந்தக் காலத்தில் மோட்டார் கார் தவழும் குழந்தை. அதற்குப் பெரிய கஷ்டமாக இருந்தது நெருப்பு மூட்டுவதுதான்.

சில கார்களில், ஒரு சிறு குழாயை விளக்குச் சுடரில் பழுக்கக் காய்ச்சி வைத்திருந்தார்கள். பெட்ரோல் ஆவி அந்தச் சூட்டில் தீப்பிடிக்கும். காற்று பலமாக அடித்தால் விளக்கு அணைந்து விடும். வண்டி கவிழ்ந்தால் தீப்பற்றிக் கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெருப்பு பிடிக்கும் நேரத்தை நினைத்தபடி மாற்ற முடியாது.

வேறு சில கார்களில் பாட்டரி இருந்தது. அது சீக்கிரம் தீர்ந்து போகும். வழியில் வண்டி நின்று விடும்.

நேரத்தில் என்ன இருக்கிறது?

ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறோம். ஊஞ்சல் நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் என்ன ஆகும்? கை வலிக்கும், ஊஞ்சல் தடைப்படும். வெகு தூரம் போன பிறகு தள்ளினால் கைக்கு எட்டாது. வந்து திரும்பும் வேளையில் தள்ள வேண்டும். அப்போதுதான் ஊஞ்சல் உயரப் போகும்.

மோட்டாரும் அப்படித்தான். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அமுக்குகிறது. அதன் பிறகு கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும்.

ஆனால் கலவை ஒரே கணத்தில் எரிந்து விடாது. பொறி விழுந்த இடத்தில் இருந்து தீ பரவ ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் ஆகிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் மோட்டாரில், அதற்குள் சக்கரம் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் திரும்பி விடும்.

அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட, பொறியையும் முந்தி விட வேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் அட்வான்ஸ் என்கிறார்கள்.

அளவுக்கு மீறி முந்தினால், மேலே வரும் பிஸ்டனை எரிந்த வாயு எதிர்த்து அடிக்கும். மோட்டாரில் டக் டக் என்று சத்தம் கேட்கும். பிஸ்டன் ஓட்டையாகி விடுவதும் உண்டு. பிந்தினால், பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு சைலன்சர் வழியாக வீணாகப் போகும்.

வேகத்துக்கு ஈடு கொடுத்தார்

1897-ம் ஆண்டு பிரடெரிக் சிம்ஸ் என்ற தொழிலதிபர், மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றுக்கு மேக்னட்டோ பொருத்தித் தரும்படி பாஷிடம் கேட்டார். அது பிரெஞ்சுக்காரர்களின் டி டியோன் வண்டி. அதன் மோட்டார் நிமிஷத்துக்கு 1,800 சுற்று சுற்றும். அதற்கு நொடிக்கு 15 பொறி வேண்டும். ஒரே இடத்தில் நின்று மெதுவாக ஓடும் எந்திரங்களுக்குச் செய்த பழைய கருவி இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை.

பாஷின் பட்டறையில் மேஸ்திரியாக இருந்த செரிங்கர் ஒரு வழி கண்டார். கருவியில் கனமான பாகத்தை ஆட்டுவதை விட்டு, லேசான ஓர் உறையை மட்டும் ஆடும்படி செய்தார். பொறி தவறாமல் வந்தது. ஓடும் வண்டியில் மேக்னட்டோ வேலை செய்தது.

1903-ம் ஆண்டு அயர்லாந்தில் கார்டன் பென்னெட் கோப்பைக்குக் கார் பந்தயம் நடந்தது. பந்தயத்துக்கு முந்திய மாதம் மெர்சிடிஸ் தொழிற்சாலையில் தீ விபத்து. பந்தயத்துக்கென்று செய்த கார்கள் எரிந்து போயின. ஒரு வாடிக்கைக்காரரிடம் கார் இரவல் வாங்கி, ஜெனாட்சி என்ற வீரர் ஓட்டினார். கோப்பையும் வென்றார்! அந்தக் காரில் இருந்தது பாஷ் மேக்னட்டோ. பாஷ் பெயர் நாடெங்கும் பரவியது.

இதற்குள் இன்னொரு சாதனையும் நடந்து விட்டது. சிலிண்டருக்குள் அசையும் கம்பிகள் இல்லாமல் பொறி வரவழைக்கும்படி, ஹோனோல்ட் என்ற இளம் எஞ்சினீயரிடம் 1901-ம் ஆண்டு பாஷ் சொல்லி இருந்தார். சில மாதங்களில் அவர் அதைச் செய்து காட்டினார். அதுவே அதிக மின்னழுத்த மேக்னட்டோவும், அதனுடன் சேர்ந்த பிளக்கும். 1902-ம் ஆண்டு முதல் அவை விற்பனைக்கு வந்தன.

எட்டு மணி நேர வேலை

1906-ம் ஆண்டு பாஷ் ஒரு காரியம் செய்தார். மற்ற முதலாளிகள் திகைத்தார்கள். தமது தொழிலாளிகளுக்கு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று அறிவித்தார். அப்போது ஜெர்மனியில் அது அபூர்வம். சிவப்புக் கட்சிக்காரர் என்று சிலர் அவரைக் கேலி செய்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

அதே சமயம் சிக்கனத்தில் மிகவும் கண்டிப்பு. தொழிற்சாலைத் தரையில் காகிதம் கோக்கும் கம்பி ஒன்று கிடந்ததாம். அவர் அதை எடுத்து ஒரு சிப்பந்தியிடம் காட்டி, இது என்ன என்று கேட்டாராம். காகிதக் கம்பி என்று பதில் வந்ததும், இல்லை, இது என் பணம் என்று சொன்னாராம். இப்படி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

லாபம் போனாலும் நம்பிக்கை போகக் கூடாது என்பது அவர் கொள்கை.

துன்பங்கள்

1914-ம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. அமெரிக்காவில் இருந்த அவருடைய தொழிற்சாலை பறிபோனது. போரில் வந்த லாபத்தை வைத்துக் கொள்ள அவர் விரும்பவில்லை. பெருந்தொகையைப் பொதுக் காரியங்களுக்கு எழுதி வைத்தார்.

தொழிலை ஏற்று நடத்துவான் என்று நம்பி இருந்த மகன், நரம்பு நோயால் வெகுநாள் படுத்திருந்து 1921-ம் ஆண்டு இறந்தான். தகப்பனுக்கு அது ஆறாத புண்.

1933-ம் ஆண்டு இட்லர் ஆட்சிக்கு வந்தார். பாஷுக்கு அந்த ஆட்சி பிடிக்கவில்லை. யூதர்கள் நாட்டை விட்டுத் தப்பிச் செல்லப் பண உதவி செய்தார். இட்லரை எதிர்த்த கேர்டெலர் என்ற தலைவருக்குத் தமது கம்பெனியில் ஆலோசகர் பதவி கொடுத்து ஆதரித்தார்.

ஆனால் அதே கம்பெனி இட்லரின் படைகளுக்குக் கருவிகள் செய்து கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில், பிடித்து வரப்பட்ட வெளிநாட்டவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியது. எட்டு மணி நேர வேலை தந்த தொழிற்சாலையில் இப்படியும் நடந்தது. அந்தக் களங்கம் மறையவில்லை.

1942-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி ராபர்ட் பாஷ் காலமானார். வயது 80. அவர் வெறுத்த அதே ஆட்சி, அரசாங்க மரியாதையுடன் அவருக்கு இறுதிச் சடங்கு நடத்தியது. கேர்டெலர் 1945-ம் ஆண்டு தூக்கிலிடப்பட்டார்.

நம் நாட்டில்

1922-ம் ஆண்டே கல்கத்தாவில் பாஷ் பொருள்கள் விற்பனைக்கு வந்தன. 1951-ம் ஆண்டு மைக்கோ கம்பெனி ஏற்பட்டது. பெங்களூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. மைக்கோ பிளக் என்றால் தெரியாத மெக்கானிக் இல்லை.

டீசல் வண்டிக்குப் பிளக் கிடையாது. அங்கே டீசலைப் பீய்ச்சும் நேரம்தான் டைமிங். அதற்கான பம்பையும் 1927-ம் ஆண்டு முதல் பாஷ் கம்பெனி விற்றது. எண்ணூர்த் தொழிற்சாலையின் லாரிகளும், பிற்காலத்து அசோக் லேலண்டு பஸ்களும், பீய்ச்சும் நேரத்தை நம்பித்தான் ஓடின.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் முன்பு கார் பந்தயங்கள் நடந்தன. ஒரே மோட்டாரில் கூடுதல் பலம் பெற, பந்தயக்காரர்கள் டைமிங்கைத் திருத்திப் பார்ப்பது வழக்கம்.

அமெரிக்காவில் நேர்பாதையில் பாயும் டிராக் பந்தயம் பிரபலம். அதில் மிக வேகமான கார்களுக்கு இன்றும் மேக்னட்டோதான்! ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். அவற்றின் எரிபொருள் நைட்ரோ மீத்தேன். அது மெதுவாக எரிவதால், சாதாரணக் காரை விட வெகுவாக முந்திப் பொறி விடுகிறார்கள்.

இன்றைய கார்களில் பொறியின் நேரத்தைச் சின்னஞ்சிறு கணிப்பொறி கணக்கிடுகிறது. கருவி மாறி விட்டது. கணக்கு மாறவில்லை.

பாஷ் கம்பெனியின் பங்குகளில் பெரும் பகுதி இப்போது ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். லாபத்தில் ஒரு பகுதி கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. பட்டறையின் 50-வது ஆண்டு நினைவாக அவர் நன்கொடை தந்து எழுப்பிய ஆஸ்பத்திரி, ஸ்டட்கார்ட் நகரில் இன்றும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது.