கலைவாணரின் மறுபாதி

பூட்டுப் பட்டறையில் வேலை செய்பவருக்குக் கண்ணும் கையும் ஒரு நொடிகூட ஓய்வதில்லை. காது மட்டும்தான் சும்மா இருக்கும். அதனால்தானோ என்னவோ, என் சிறுவயதில் திண்டுக்கல்லின் பட்டறைகளில் அரமும் சுத்தியலும் எழுப்பும் ஓசைக்கு நடுவே ஒரு வானொலிப் பெட்டியும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. என் தந்தை பூட்டுக்கு நெம்புகோல் தகடுகளை அராவியபடியே திருச்சி நிலையத்தையும், அது கரகரத்தால் இலங்கை வானொலியையும் கேட்பார். பழைய திரைப்படங்களின் ஒலிச்சித்திரம் வரும் வேளைகளில் பட்டறையே செவிசாய்க்கும். என்.எஸ். கிருஷ்ணனையும் டி.ஏ. மதுரத்தையும் நான் முதலில் அறிந்தது அப்படித்தான். அவர்களின் முகத்தைத் திரையில் பார்ப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே குரல்கள் எனக்குப் பழக்கமாகியிருந்தன.

முகம் தெரியாமல் கேட்டபோது ஒன்று எளிதாகப் புரிந்தது. அந்த நகைச்சுவை ஒருவருடையது அன்று. ஒரு குரல் நீட்டி முழக்கும். மற்றொரு குரல் அதை நறுக்கென்று வெட்டும். ஒன்று ஊரையே அளந்துவிட்டு வரும். மற்றொன்று வீட்டு வாசலில் நின்று கணக்குக் கேட்கும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் சிரிப்பு இல்லை. பின்னாளில் படங்களைப் பார்த்தபோதும், வாழ்க்கை வரலாறுகளைப் படித்தபோதும், இந்தச் சமநிலை ஏனோ குலைந்திருந்தது. கலைவாணர் என்ற பட்டத்துக்குப் பின்னால் மதுரம் சிறு குறிப்பாகச் சுருங்கிப்போயிருந்தார். அதைச் சரிசெய்யாமல் கலைவாணரின் வரலாற்றை முழுமையாகச் சொல்ல இயலாது என்பதே என் எண்ணம்.

நாடகக் கொட்டகையின் பள்ளி

கிருஷ்ணன் 1908 நவம்பர் 29 அன்று, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் பிறந்தார். வறுமை அவருடைய பள்ளிப் படிப்பை விரைவிலேயே முடித்துவைத்தது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றும், டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டியும் பிழைத்த சிறுவன், கொட்டகைக்குள் நடப்பதை மனப்பாடமாக அறிந்திருந்தான். 1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தொடங்கிய மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தபோதுதான் அவருக்கு முறையான பள்ளி கிடைத்தது எனலாம்.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். பாட வேண்டும், ஆட வேண்டும், வேறொரு நடிகர் நோயில் படுத்தால் அவர் வேடத்தையும் ஏற்க வேண்டும். மதுரைக்கும் திருச்சிக்கும் இடையிலான இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் நாடகக் கம்பெனிகள் மாதக்கணக்கில் முகாமிட்ட காலத்தில் தமிழ்நாட்டு நடிகர்களுக்குக் கிடைத்த பயிற்சி இது. இதனோடு தென்குமரி மண்ணின் வில்லுப்பாட்டையும் கிருஷ்ணன் கொண்டுவந்து சேர்த்தார். சுடலைமாடனின் கதை சொன்ன அந்தக் கலைவடிவத்தில் காந்தியின் கதையைப் பாடினார். கோயில் கொடைக்கு உரிய வில்லை நாட்டு நடப்பைச் சொல்லும் கருவியாக மாற்றியது, அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் ஒரு முன்னோட்டம்.

1935-இல் 'மேனகா', 1936-இல் 'சதிலீலாவதி' என்று அவருடைய திரைவாழ்க்கை தொடங்கியது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில்தான் எம்.ஜி. ராமச்சந்திரனும் டி.எஸ். பாலையாவும் அறிமுகமானார்கள்.

புனேயில் தொடங்கிய கூட்டு

மதுரம் திருவரங்கத்தைச் சேர்ந்தவர். கிருஷ்ணனைவிட ஏறத்தாழப் பத்து வயது இளையவர். 1935-இல் 'ரத்னாவளி' வழியாகத் திரைக்கு வந்தவர். 1936-இல் 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே சென்ற குழுவில் இருவரும் இருந்தனர். அங்கே அரும்பிய நட்பு திருமணத்தில் முடிந்தது. கிருஷ்ணன் ஏற்கெனவே மணமானவர் என்பது மதுரத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. இதை ஒரு வேடிக்கைக் கதையைப் போலச் சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. மேடையில் பெண்ணின் அறிவை உயர்த்திப் பேசிய ஒருவர் வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்குச் செய்த பிழை அது. மதுரம் அதைத் தாங்கிக்கொண்டார் என்பதற்காகப் பிழை சிறிதாகிவிடாது.

அடுத்த எட்டு ஆண்டுகளில் இந்த இணை இல்லாத படம் ஓடுமா என்று விநியோகஸ்தர்கள் தயங்கும் நிலை உருவானது. 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'அசோக்குமார்', 'கண்ணகி' என நீளும் பட்டியலில், கதைக்கு வெளியே தனிக் கிளையாக இவர்களின் நகைச்சுவைப் பகுதி அமையும். அதை உருவாக்கக் கிருஷ்ணனிடம் ஒரு தனிக் குழுவே இருந்தது. டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி போன்றோர் அந்த வட்டத்தில் இருந்தனர். படத்தின் இயக்குநர் யாராயினும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு கிருஷ்ணனே.

அக்காட்சிகளில் மதுரம் செய்ததைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அன்றைய படங்களின் கதாநாயகிகள் பெரும்பாலும் கண்ணீரோடு காத்திருப்பவர்கள். அதே படத்தில் பத்து நிமிடம் தோன்றும் மதுரமோ கேள்வி கேட்பவர், கணவனின் பொய்யைப் பிடிப்பவர், தேவைப்பட்டால் அவனைவிடப் பெரிய பொய்யைச் சொல்லி மடக்குபவர். கிருஷ்ணன் மூடனாக வந்தால் இவர் திருத்துவார். கிருஷ்ணன் அறிவு சொல்ல வந்தால் இவர் அந்த அறிவைச் சோதிப்பார். பிரசாரம் பிரசாரமாகத் தெரியாமல் இருந்ததற்கு இந்தக் குறுக்குக் கேள்விகளே காரணம். பின்னணிப் பாடகர் முறை வேரூன்றாத அந்நாளில் இருவரும் தாமே பாடினார்கள். எனவே அவர்களின் நகைச்சுவை இசைத்தட்டாகவும் வீடுகளுக்குச் செல்ல முடிந்தது. பின்னர் வானொலியிலும் பிழைத்திருக்க முடிந்தது.

அமெரிக்காவில் ஜார்ஜ் பர்ன்ஸ், கிரேசி ஆலன் என்ற கணவன் மனைவி இணை இதே காலத்தில் மேடையிலிருந்து வானொலிக்கு வந்து, 1930-களிலும் 40-களிலும் நாட்டையே சிரிக்கவைத்தது. அங்கே சிரிப்பை எழுப்புபவர் மனைவி. கணவர் கேள்வியை எடுத்துக்கொடுப்பவர். அந்த இணையின் பெயரை இன்றும் இரண்டு பெயர்களாகவே சொல்கிறார்கள்.

முப்பது மாதங்கள்

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்கும்படி திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அந்த ஆண்டுகளில் இருவரும் நடித்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் கிருஷ்ணனும் மதுரமும் மக்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். திரைக்கு வெளியே ஒருவர் சிறையில், மற்றவர் வழக்கறிஞர் அலுவலகங்களின் வாசலில்.

இந்த முப்பது மாதங்கள் மதுரத்தினுடையவை. வழக்குச் செலவு கையிருப்பைக் கரைத்தது. குழுவினரின் பிழைப்பும் கேள்விக்குறியானது. அவர் முடங்கிவிடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். கணவரின் பெயரைத் தாங்கிய மேடையில், கணவர் இல்லாமல் நின்று மக்களைச் சிரிக்கவைத்தார். அச்சபாவின் 'பைத்தியக்காரன்' நாடகம் படமாகி 1947-இல் வெளிவந்தது. மதுரம் அதில் இரட்டை வேடம் ஏற்றார். சிறை மீண்ட கிருஷ்ணனுக்கும் அதில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. பாகவதரின் திரைவாழ்க்கை சிறைக்குப் பின் பழைய உயரத்தை எட்டவில்லை. கிருஷ்ணனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது என்றால், அந்த இடத்தைக் காலியாகாமல் காத்து வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார் என்பதே காரணம்.

என் தந்தை இதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். பட்டறையின் மூத்த ஆசாரி நோயில் கிடந்தபோது அவர் மனைவி கணக்கு வழக்கைக் கையிலெடுத்து, ஒரு தொழிலாளியையும் வெளியே அனுப்பாமல் ஆறு மாதம் பட்டறையை நடத்தினாராம். அந்த அம்மையாருக்கு ஊரில் மதுரம் என்றே பெயர் விழுந்துவிட்டதாம். வரலாற்று நூல்கள் சொல்லத் தயங்கியதை எங்கள் ஊர்த் தொழிலாளர்கள் ஒரு பட்டப்பெயரில் சொல்லிவிட்டார்கள்.

சிரிப்புக்குள் ஒரு பாடசாலை

சிறைக்குப் பிந்தைய பத்தாண்டுகள் கிருஷ்ணனின் முதிர்ந்த காலம். 1947-இல் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் பட்டத்தைச் சூட்டினார். 1949-இல் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி' வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்திருந்த நேரம் அது. சட்டம் செய்ததைப் படமும் தன் பங்குக்குச் செய்ய முயன்றது. அதில் இடம்பெற்ற 'கிந்தனார்' காலட்சேபம் அவருடைய சாதனைகளில் தலையாயது. நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரத்துக்கு ஏங்கிய அடியாருக்குப் பதிலாகப் பள்ளிக்கு ஏங்கும் சிறுவனை அது வைத்தது. ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த கிந்தன் ஊரைவிட்டு ரயிலேறிப் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். நந்தன் தீயில் இறங்கித் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கிந்தன் தேர்வு எழுதினால் போதுமானதாக இருந்தது.

இதை எழுதிய உடுமலை நாராயண கவி, பழனிக்கு மேற்கே எங்கள் அண்டைப் பகுதியைச் சேர்ந்தவர். அதனால்தான் எங்களுக்கு அது அயலார் கதையாகத் தோன்றவில்லை. தோல் பதனிடும் தொழிலும் புகையிலை வணிகமும் சூழ்ந்த இச்சமவெளியில், யார் எந்தத் தொட்டியில் இறங்கி வேலை செய்வது என்பதைப் பிறப்பே தீர்மானித்த காலம் அது. அங்கே கிந்தனாரைக் கேட்டுச் சிரித்தவர்கள், சிரிப்பு அடங்கியபின் எதையோ எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்' ஆகிய படங்களை அவர் இயக்கினார். 1951-இல் இயக்குநர் கே. சுப்பிரமணியம் உள்ளிட்ட குழுவோடு சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தார். சுப்பு ஆறுமுகம் போன்ற இளையோரை வில்லுப்பாட்டுக்கு ஆற்றுப்படுத்தினார். பெரியாரின் பகுத்தறிவையும் காந்தியின் எளிமையையும் ஒருசேர மதித்தார். இரு தரப்பும் அவரைத் தம்மவராகக் கருதியது. ஈட்டியதைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். அந்தக் கொடையின் சுமையும் வீட்டில் மதுரத்தின் தோளில்தான் விழுந்திருக்கும் என்பதை நாம் நினைப்பதில்லை. 1956-இல் 'மதுரை வீரன்' படத்திலும் இருவரும் சேர்ந்தே தோன்றினார்கள். 1957 ஆகஸ்ட் 30 அன்று, ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே, கிருஷ்ணன் மறைந்தார்.

பெயரில் விடுபட்டவர்

1969 ஜனவரியில், தம் மறைவுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், நோயுற்ற உடலோடு வந்து அண்ணா சென்னை தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்துவைத்தார். வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கம் நிற்கிறது. நாகர்கோவிலும் அவரைப் போற்றுகிறது. அனைத்தும் தகும். 1974-இல் மறைந்த மதுரத்தின் பெயர் அந்த அரங்கின் பெயரில் இல்லை.

கிருஷ்ணனின் புகழில் ஒரு துளியையும் குறைக்க நான் இதை எழுதவில்லை. அவர் மேடையில் சொன்னதைத்தான் அவருக்கே நினைவூட்ட விரும்புகிறேன். பெண்ணுக்கு அறிவுண்டு, உழைப்புக்கு உரிய பெயர் தரப்பட வேண்டும் என்பவை அவர் தம் நகைச்சுவைக்குள் வைத்து விற்ற சரக்குகள். அவற்றை வாங்கிய நாம் அவருடைய வீட்டிலேயே அவற்றைப் பயன்படுத்தத் தவறிவிட்டோம்.

செய்யக்கூடியது பெரிதொன்றும் இல்லை. பழைய இசைத்தட்டுகளையும் ஒலிச்சித்திரங்களையும் வானொலி நிலையங்களோ இணைய அலைவரிசைகளோ ஒலிபரப்பும்போது, கலைவாணர் நகைச்சுவை என்று அறிவிக்காமல் கிருஷ்ணன், மதுரம் என்று இரு பெயர்களையும் சொல்லலாம். பாடநூலில் அவருக்கு ஒரு பக்கம் இருந்தால் அதில் பாதியை மதுரத்துக்குத் தரலாம். அரங்கின் முகப்பில் இல்லாவிட்டாலும் உள்ளே ஒரு கூடத்துக்கு அவர் பெயரை வைக்கலாம்.

எங்கள் பட்டறை இன்று இல்லை. இயந்திரப் பூட்டுகளின் வரவால் அந்தத் தெருவில் அரத்தின் ஓசையும் ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பழைய உரையாடல்களை இன்றும் கண்ணை மூடிக் கேட்டால் எனக்கு இரண்டு குரல்கள் சம எடையில்தான் கேட்கின்றன. படம் பார்க்காமல், வரலாறு படிக்காமல், வெறும் காதால் கேட்ட அந்தத் தொழிலாளர்களுக்கும் அப்படித்தான் கேட்டது. அவர்கள் கேட்டதே சரி.